உங்கள் பெயரைத் தேடினால் வேறொருவர் வாசல்: கன்னியாகுமரி லாட்ஜ்காரருக்கு முன்னால் உள்ள ஐந்து வழிகள்

கன்னியாகுமரி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் முதலில் எதிர்ப்படுவது கடல் அல்ல. "ரூம் வேண்டுமா சார்" என்ற குரல். எந்த லாட்ஜுக்குப் போக வேண்டும் என்று நீங்கள் பெயரோடு சொன்னாலும், "அங்கே தண்ணீர் வராது சார், நான் நல்ல இடம் காட்டுகிறேன்" என்பார். கமிஷன் கொடுக்கும் லாட்ஜில் மட்டும் எப்போதும் தண்ணீர் வரும்.

நான் நாகர்கோவிலில் சிறு கடைகளுக்கும் லாட்ஜ்களுக்கும் கணக்கு எழுதுகிறவன். ஆறு அறைகள் வைத்து லாட்ஜ் நடத்தும் அக்கா ஒருவர் கணக்குப் பையோடு வந்தவர், பையைத் திறக்காமல் கைபேசியை என் மேசையில் வைத்தார். தன் லாட்ஜின் பெயரை எழுத்துப் பிசகாமல் அடித்துத் தேடியிருந்தார். முதலில் ஒரு முன்பதிவுத் தளத்தின் விளம்பரம். அதன் கீழ் இன்னொரு தளத்தின் விளம்பரம். விரலால் ஒரு தள்ளு தள்ளிய பிறகுதான் அவருடைய பெயரும் தொலைபேசி எண்ணும். "ஸ்டேஷன் வாசலில் நின்றவன் இப்போது போனுக்குள் வந்து நிற்கிறான், தம்பி. நானும் காசு கொடுத்து மேலே போகவா, இல்லை கேஸ் போடவா?" என்று கேட்டார்.

இதே கேள்வியை மார்த்தாண்டத்தில் தேன் விற்பவரும் கேட்டிருக்கிறார், வடசேரியில் பெண்கள் விடுதி நடத்துபவரும் கேட்டிருக்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வாயால் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். உதாரணம் லாட்ஜாகவே இருக்கட்டும். கணக்கு எனக்குக் கைவசம் இருப்பது அதற்குத்தான்.

## எதை வைத்து அளப்பது

வழிகளைப் பார்க்கும் முன் அளவுகோலை முடிவு செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கடைசியாக யார் வந்து பேசினாரோ அவர் சொன்னதே சரி என்று தோன்றும்.

முதலாவது, ஓர் அறை நிரம்ப உங்கள் கையை விட்டுப் போகும் தொகை, வரியோடு சேர்த்து. இரண்டாவது, நாளைக்கே பணம் கொடுப்பதை நிறுத்தினால் உங்களிடம் என்ன மிஞ்சும் என்பது. மூன்றாவது, விதியை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது. நான்காவது, பலன் வர எத்தனை நாள். பலரும் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். நான் இரண்டாவதுக்குத்தான் அதிக எடை கொடுப்பேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

மூன்றாவதைப் பற்றி மட்டும் இங்கேயே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிழக்கே இருந்து நம் மாவட்டத்துக்குள் வருகிறவர்களுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய்தான் பெருவாசல். திருவிதாங்கூர் காலத்தில் அங்கே கோட்டைச் சுவரே எழுப்பி வைத்திருந்தார்கள். வாசல் ஒன்றாக இருந்தால் அதைக் காப்பவன் சொல்வதுதான் சட்டம். தேடலிலும் இதுதான் நடந்திருக்கிறது என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பே எழுதிவிட்டது. அந்நாட்டு அரசின் நீதி அமைச்சகம் 2020 அக்டோபரில் தொடுத்த வழக்கில், 2024 ஆகஸ்ட் 5 அன்று நீதிபதி அமித் மேத்தா, கூகுள் ஓர் ஏகபோக நிறுவனம் என்றும் அந்த ஏகபோகத்தைத் தக்கவைக்கச் சட்டத்தை மீறியது என்றும் கூறினார். அவர் எடுத்துக்கொண்ட கணக்குப்படி 2020இல் அமெரிக்காவில் பொதுத் தேடல்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு கூகுள் வழியாகவே நடந்தன; கைபேசியில் அது 95 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. போனிலும் உலாவியிலும் முதல் தேடுபொறியாக இருப்பதற்கு அந்நிறுவனம் 2021இல் மட்டும் 2,630 கோடி டாலர் செலவழித்தது. ஆப்பிளுக்கு 2022இல் போனது 2,000 கோடி டாலர். வாசலில் நிற்பதற்கு வாசல்காரனே இவ்வளவு கொடுக்கிறான் என்றால், உள்ளே போகிறவர்களிடம் எவ்வளவு வாங்குவான் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

## வழி ஒன்று: காசு கொடுத்து மேலே நிற்பது

இதன் பெரிய வசதி வேகம். காலையில் அட்டை எண்ணைக் கொடுத்தால் மாலையில் உங்கள் லாட்ஜ் மேலே நிற்கும். கார்த்திகை பிறந்து ஐயப்ப பக்தர்கள் வரும் இரண்டு மாதமும், பள்ளிக்கூட விடுமுறையும் நமக்குச் சீசன். அந்த நேரத்தில் நாலு நாள் அறை காலியாகக் கிடக்கிறது என்றால் இதைவிடச் சீக்கிரமான வழி கிடையாது.

செலவைப் பார்ப்போம். இது என் கற்பனைக் கணக்கு. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். வாடகை 1,500 ரூபாய். ஒரு கிளிக்குக்கு 15 ரூபாய். இருபத்தைந்து பேர் தட்டிப் பார்த்தால் ஒருவர் அறை எடுக்கிறார். 375 ரூபாய். அதன் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் 442 ரூபாய் 50 காசு. அந்த வரியை நாம் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாமே என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு வரி 5 விழுக்காடாகக் குறைந்தது; கூடவே உள்ளீட்டு வரிக் கழிவும் போய்விட்டது. வாடிக்கையாளருக்கு நல்லது. விளம்பரத்துக்குக் கட்டிய 18 விழுக்காடு இப்போது முழுக்க முழுக்க உங்கள் செலவு.

இது தெரிந்த செலவு. தெரியாத செலவு இரண்டு உண்டு. நீங்கள் எந்தச் சொல்லுக்குக் காசு கட்டுகிறீர்களோ அதற்குப் பக்கத்தில் உள்ள சொற்களுக்கும் உங்கள் விளம்பரத்தை அந்த இயந்திரம் காட்டும். "கன்னியாகுமரி லாட்ஜ்" என்று கொடுத்து வைத்தால், படகு நேரம் கேட்டவருக்கும், கண்ணாடிப் பாலத்தின் படம் தேடியவருக்கும்கூடக் காட்டக்கூடும். அவர் தட்டினாலும் 15 ரூபாய்தான். வாரம் ஒரு முறை உட்கார்ந்து வேண்டாத சொற்களை விலக்கிக்கொண்டே இருந்தால்தான் இது கட்டுக்குள் நிற்கும். லாட்ஜ் நடத்துகிறவருக்கு அதற்கு ஏது நேரம்?

இன்னொன்று விலை. இது மேலே நிற்கப் பலர் போட்டியிடும் ஏலம்; பலகையில் எழுதிப்போட்ட விலை கிடையாது. அமெரிக்க வழக்கில் இந்தப் பகுதியைத்தான் நான் பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். தேடல் விளம்பர விலையைப் போட்டியாளர் பற்றிய அச்சமே இல்லாமல் உயர்த்த கூகுளால் முடிந்தது என்று நீதிபதி எழுதினார். ஏலத்தின் விதியை விளம்பரதாரருக்குத் தெரியாமலே திருகி விலையை ஏற்றியதும் சாட்சியத்தில் வந்தது. 2025 செப்டம்பரில் அவர் கொடுத்த பரிகார ஆணையில், ஏல முறையில் செய்யும் முக்கிய மாற்றங்களை வெளியே சொல்ல வேண்டும் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அது அமெரிக்க நீதிமன்றத்தின் ஆணை. நம் ஊர்ப் பில் அதனால் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, சொந்தப் பெயருக்கே விளம்பரம் கொடுப்பதா? அக்கா கேட்டது இதைத்தான். உங்கள் பெயரையே அடித்துத் தேடுகிறவர் ஏற்கெனவே உங்களிடம் வரத் தீர்மானித்தவர். அவரை உங்கள் வீட்டுக்குள் விட நீங்களே சுங்கம் கட்டுகிறீர்கள். அந்தச் சுங்கம் வழக்கமாக மலிவுதான். உங்கள் பெயருக்கு உங்கள் பக்கமே பொருத்தமானது என்று ஏலத்தில் சலுகை கிடைக்கும். ஆனால் அது நிற்காத செலவு. கட்டுவதை நிறுத்திய நாளில் கையில் மிஞ்சுவது ரசீது மட்டும்.

## வழி இரண்டு: முன்பதிவுத் தளத்திடம் விட்டுவிடுவது

கமிஷன் 20 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் அதே 1,500 ரூபாய் அறைக்கு 300 ரூபாய், வரியோடு 354. மேலே பார்த்த விளம்பரச் செலவைவிடக் குறைவு. அறை நிரம்பினால்தான் கமிஷன் என்பதால் வீண் கிளிக் பயமும் இல்லை. புதிதாகத் திறந்த லாட்ஜ், யாரும் ஒரு வரி கருத்துக்கூட எழுதாத லாட்ஜ் என்றால், முதல் ஓராண்டுக்கு இதுவே புத்திசாலித்தனம். வங்காளத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் வருகிறவருக்கு உங்கள் பெயர் தெரியாது. அந்தத் தளத்தின் பெயர் தெரியும்.

இதன் மறைவான செலவை அக்காவின் ஒப்பந்தத்திலேயே பார்த்தோம். முன்பு கையெழுத்துப் போட்ட காகிதம், ரேஷன் அட்டை வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்து இருந்தது. பூதக்கண்ணாடி தேவைப்படும் எழுத்து. ஏழாவது பக்கத்தில், லாட்ஜின் பெயரையும் படங்களையும் தேடல் விளம்பரம் உட்பட எந்த இணைய விளம்பரத்திலும் அந்தத் தளம் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு வரி. அடியில் அக்காவின் கையெழுத்து. வாசலில் நின்றவன் கையில் அக்கா கொடுத்த கடிதமே இருந்தது. சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

அந்தத் தளம் இன்னொரு வேலையும் செய்திருந்தது. கடலைப் பார்த்த அறை என்று சொல்லி ஒரு குடும்பத்துக்கு முன்பணம் வாங்கியிருக்கிறது. அக்காவின் லாட்ஜில் மாடிப்படி திரும்பும் இடத்தில் உள்ள ஜன்னலில் மட்டும் ஒரு விரற்கடை கடல் தெரியும். அவர்கள் சண்டை போட்டது தளத்திடம் இல்லை. விடியற்காலை நாலரை மணிக்கு, சூரிய உதயம் பார்க்கக் கிளம்பும் நேரத்தில், அக்காவிடம்.

இந்த இடத்தில் சட்டம் உங்களுக்கு ஓரளவு துணை நின்றிருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப், கோஐபிபோ நிறுவனத்துக்கு 223.48 கோடி ரூபாயும் ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. ஹோட்டல், உணவக உரிமையாளர் கூட்டமைப்பு கொடுத்த புகாரும் அதன் பின்னால் இருந்தது. ஹோட்டல்கள் வேறு முன்பதிவுத் தளத்தில் இதைவிடக் குறைந்த விலைக்கு அறை கொடுக்கக்கூடாது என்ற ஒப்பந்த நிபந்தனையை நீக்குமாறு ஆணையம் சொன்னது. ஆகவே உங்கள் ஒப்பந்தம் யாருடையதாக இருந்தாலும் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை எழுத்தில் கேள்வி கேளுங்கள். நேரில் போன் செய்கிறவருக்கு நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் கமிஷனைவிட உங்களுக்கு லாபம்.

## வழி மூன்று: இலவசப் பதிவும் சொந்தத் தளமும்

கூகுள் வரைபடத்தில் உங்கள் இடத்தைப் பதிவு செய்ய ஒரு காசும் வேண்டாம். ஆனாலும் நம் ஊரில் பாதி லாட்ஜ்களின் பதிவில் தொலைபேசி எண் தப்பாக இருக்கிறது, அல்லது முன் உரிமையாளரின் எண் இருக்கிறது. பதிவு உங்கள் பெயரில் உறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும். எண் சரியாக இருக்க வேண்டும். உள்ளபடியே எடுத்த படங்கள் பத்து வேண்டும். வருகிற கருத்துக்கு, திட்டாக இருந்தாலும், இரண்டு வரி பதில் எழுத வேண்டும். இந்த நான்கையும் செய்தவர்கள் விளம்பரமே இல்லாமல் அழைப்பு வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த நிலம் உங்களுடையது இல்லை. புறம்போக்கில் போட்ட கொட்டகை மாதிரி. போகிற வருகிறவர் யாரும் "இந்த இடம் மூடப்பட்டுவிட்டது" என்று திருத்தம் சொல்லலாம். விதி மாறினால் பதிவு ஒரு நாள் மறையலாம். போய்க் கேட்க நாகர்கோவிலில் ஓர் அலுவலகம் கிடையாது. நீங்கள் எடுத்துப் போட்ட படம் அவர்கள் பக்கத்தை அழகாக்குகிறது. வாடிக்கையாளர் உங்கள் தளத்துக்கு வராமலே விஷயம் தெரிந்துகொண்டு போகிறார்.

அதற்காகத்தான் சொந்தத் தளம் வேண்டும் என்கிறேன். நாலு பக்கம் போதும். அறை, வாடகை, வழி, வாட்ஸ்அப் எண். தமிழில், மலையாளத்தில், இந்தியில். தள முகவரிக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் ஆகும். ஒரு எச்சரிக்கை: முகவரியை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். தளம் செய்து கொடுக்கும் பையன் தன் பெயரில் பதிவு செய்துவிட்டு வெளிநாடு போய்விட்டால், உங்கள் பெயரை உங்களாலேயே திரும்ப வாங்க முடியாது. என்னிடம் கணக்கு எழுதும் இருவருக்கு இது நடந்திருக்கிறது.

பிற தேடுபொறிகளிலும் பதியலாம். பிங்கில் பதிந்தால் அதன் பட்டியலைப் பயன்படுத்தும் டக்டக்கோவிலும் தெரிய வாய்ப்பு உண்டு. அரை மணி நேர வேலை, செய்துவிட்டு மறந்துவிடுங்கள்.

## வழி நான்கு: தேடலையே தாண்டுவது

அக்காவின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினோம். நீளமான பச்சை அட்டை ஏடு. பெயர், ஊர், ஆதார் எண், வாகன எண், வந்த நேரம். திருவண்ணாமலைக்காரர் ஒருவர் ஆண்டுதோறும் சித்ரா பௌர்ணமிக்கு வந்திருக்கிறார், அன்று மாலை ஒரு பக்கம் சூரியன் இறங்க மறுபக்கம் நிலவு ஏறுவதைப் பார்க்க. பாலக்காட்டிலிருந்து ஒரு குருசாமி இருபது பேரோடு. பாதிக்கு மேற்பட்டவர்கள் முன்பே வந்தவர்கள், அல்லது அவர்கள் சொல்லி வந்தவர்கள். ஒரு தேடுபொறிக்கும் இவர்களைத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும், ஆனால் அவர்கள் எண்ணை அவர் எங்கேயும் தனியாகச் சேர்த்து வைக்கவில்லை.

இந்த வழிக்குப் பணம் வேண்டாம், பொறுமை வேண்டும். அறையைக் காலி செய்யும்போது, "அடுத்த முறை நேரே போன் செய்யுங்கள், வாடகை குறைத்துத் தருகிறேன்" என்று எண் அச்சிட்ட அட்டையைக் கொடுங்கள். சம்மதித்தவர் எண்ணை மட்டும் சேர்த்து, சீசனுக்கு முன் ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். தினமும் காலை வணக்கப் படம் அனுப்பினால் தடை செய்துவிடுவார்கள்; நானே செய்திருக்கிறேன். மார்த்தாண்டம் தேன், மட்டி வாழைப்பழம், கிராம்பு என்று திரும்பத் திரும்ப வாங்கும் பொருளை விற்பவருக்கு இதுதான் முதல் வழி. வாழ்நாளில் ஒரு முறை மட்டும் வருகிற பயணியை நம்பும் லாட்ஜுக்கு இது போதாது.

## வழி ஐந்து: சட்டத்தின் கதவைத் தட்டுவது

இனி "கேஸ் போடவா?" என்ற கேள்வி. கோபத்தில் கேட்டாலும் நியாயமான கேள்வி.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பெரியவனாக இருப்பது நம் நாட்டில் குற்றமில்லை. 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் நான்காவது பிரிவு தடுப்பது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதை: நியாயமற்ற நிபந்தனை, பிறரைச் சந்தையில் நுழையவிடாமல் செய்வது, ஒரு சந்தையின் பலத்தை இன்னொரு சந்தையில் காட்டுவது. யார் வேண்டுமானாலும் இந்தியப் போட்டி ஆணையத்துக்குத் தகவல் கொடுக்கலாம். பாதிக்கப்பட்டவராகவே இருக்க வேண்டியதில்லை. முகாந்திரம் இருப்பதாக ஆணையம் கருதினால் தலைமை இயக்குநரை விசாரிக்கச் சொல்லும். இல்லையென்றால் கோப்பை மூடிவிடும். ஆணைக்கு மேல் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அதற்கு மேல் உச்ச நீதிமன்றம். 2023 திருத்தத்துக்குப் பிறகு, சம்பவம் நடந்து மூன்றாண்டுக்குள் தகவல் கொடுத்துவிட வேண்டும் என்பதும் சேர்ந்திருக்கிறது.

இந்தக் கதவை நம் மாநிலத்தவரே தட்டியிருக்கிறார்கள். சென்னையில் இருந்து நடக்கும் பாரத் மேட்ரிமோனி, நுகர்வோர் அமைப்பான கட்ஸ் ஆகிய இரண்டின் புகார்களும் 2012இல் ஆணையத்தில் பதிவாயின. தீர்ப்பு வந்தது 2018 பிப்ரவரி 8. கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம். விமானப் பயணத்தைத் தேடினால் தன் சொந்தப் பெட்டியை முன்னால் காட்டியது உள்ளிட்ட சில செயல்கள் தவறு என்று ஆணையம் கண்டது. ஆறு ஆண்டுகள். அதுவும் வழக்கறிஞர் படையே வைத்திருக்கும் நிறுவனத்துக்கு.

அக்காவுக்கு வேண்டிய பதில் அந்தத் தீர்ப்பின் இன்னொரு பகுதியில் இருக்கிறது. தேடல் விளம்பர முறையைப் பற்றியும் அந்தப் புகாரில் குறை சொல்லப்பட்டிருந்தது. அதில் சட்ட மீறல் எதையும் ஆணையம் காணவில்லை. அதாவது, நம்மை எரிச்சலூட்டும் இதே விஷயத்தில் கதவு ஏற்கெனவே ஒரு முறை தட்டப்பட்டுத் திறக்காமல் போயிருக்கிறது.

வணிகச் சின்னச் சட்டம் வழியே போகலாமா? அதையும் பாரத் மேட்ரிமோனிக்காரர்கள் முயன்றார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2010இல் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்தது. அவர்களுடைய பெயரில் உள்ள சொற்கள் தொழிலை விவரிக்கும் பொதுச் சொற்கள் என்பது முக்கியமான தடையாக நின்றது. 2023இல் டெல்லி உயர் நீதிமன்றம் இரண்டு வழக்குகளில் இன்னும் தெளிவாகச் சொன்னது: ஒருவருடைய சின்னத்தை விளம்பரத் திறவுச்சொல்லாக, அதாவது அதைத் தேடுகிறவருக்குத் தன் விளம்பரத்தைக் காட்டும் சொல்லாக, வாங்குவது மட்டுமே மீறல் ஆகாது, வாடிக்கையாளர் குழம்பக்கூடிய நிலை வேண்டும். அதே சமயம், மீறல் என்று நிரூபணமானால் பிறர் விளம்பரத்தைக் காட்டும் இடைநிலையாளன் மட்டுமே என்ற கவசத்துக்குள் கூகுள் ஒளிந்துகொள்ள முடியாது என்றும் சொன்னது.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். கன்னியாகுமரியில் கல்லை விட்டெறிந்தால் ஒரு சீ வியூவின் மேலோ சன்ரைஸின் மேலோ விழும். அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு யார் மேல் வழக்குப் போட முடியும்? புதிதாகத் தொடங்குகிறவர் ஊரில் யாருக்கும் இல்லாத பெயராக வைத்து, வணிகச் சின்னமாகப் பதிவும் செய்துகொள்ளட்டும். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் இணைய வழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு தொழில் வகைக்கு, 4,500 ரூபாய். தங்கும் விடுதிக்கு 43ஆம் வகுப்பு. பதிவு பத்தாண்டுக்குச் செல்லும். அக்காவுக்கு அதுவும் உதவாது. பெயரைப் பயன்படுத்த அவரே அனுமதி கொடுத்திருக்கிறார்.

இந்த வழியின் மறைவான செலவுகள் மூன்று. அபராதப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். புகார் கொடுத்தவருக்கு இழப்பீடு வேண்டுமென்றால் அதற்குத் தனி மனு. அடுத்தது, டெல்லி அலைச்சல். கடைசியாக, காலம். ஃபவுண்டெம் என்ற பிரிட்டிஷ் விலை ஒப்பீட்டுத் தளத்தை ஒரு கணவனும் மனைவியும் நடத்தினார்கள். கூகுள் தங்களைக் கீழே தள்ளுகிறது என்று 2009இல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தார்கள். 2017இல் ஆணையம் 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஐரோப்பிய நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2024 செப்டம்பரில். அவர்கள் ஜெயித்தார்கள். கடையை 2016லேயே மூடியிருந்தார்கள்.

சட்டத்தால் பயனே இல்லை என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். 2022 அக்டோபர் 20 அன்று ஆண்ட்ராய்டு என்ற போன் மென்பொருள் விவகாரத்தில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் கட்டளைகளில் நான்கு நீக்கப்பட்டாலும் அபராதம் 2023 மார்ச்சில் உறுதியானது. அதற்கு முன்பே, அந்த ஜனவரியில், இந்தியாவில் புதிய போனைத் தொடங்கும்போது தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கும் திரை வரும் என்று கூகுள் அறிவிக்க வேண்டியதாயிற்று. சட்டம் சந்தையைத் திருத்துகிறது, மெதுவாக, எல்லோருக்குமாக. இந்தக் கார்த்திகைக்குள் ஆறு அறையை நிரப்ப அதனால் முடியாது. ஆகவே தகவல் கொடுப்பது சங்கத்தின் வேலை. லாட்ஜ் உரிமையாளர்கள் சேர்ந்து ஓராண்டு திரைப்படங்களையும் பில்களையும் ஒப்பந்தப் பக்கங்களையும் தேதியோடு சேர்த்து வைத்தால் அதற்கு எடை உண்டு. திரைப்படம் என்று நான் சொல்வது போன் திரையைப் பிடித்து வைத்த படத்தை.

## ஒரே பார்வையில்

| வழி | ஓர் அறைக்குச் செலவு (1,500 ரூபாய் வாடகைக்கு என் மாதிரிக் கணக்கு) | நிறுத்தினால் மிஞ்சுவது | விதி யார் கையில் | பலன் வர |
|---|---|---|---|---|
| விளம்பரம் | 442 ரூபாய் 50 காசு | ஒன்றுமில்லை | தேடுபொறி | ஒரே நாள் |
| முன்பதிவுத் தளம் | 354 ரூபாய் | சில கருத்துகள், அதுவும் அவர்கள் பக்கத்தில் | தளம் | சில வாரம் |
| இலவசப் பதிவு, சொந்தத் தளம் | ஆண்டுக்குச் சில ஆயிரம், உங்கள் நேரம் | தள முகவரி | பாதி அவர்கள், பாதி நீங்கள் | சில மாதம் |
| பழைய வாடிக்கையாளர் | கொடுக்கும் தள்ளுபடி | எண்கள், உறவு | நீங்கள் | ஓராண்டு |
| போட்டி ஆணையம் | கணக்கிட முடியாது | எல்லோருக்கும் ஒரு விதி | ஆணையம், தீர்ப்பாயம் | பல ஆண்டுகள் |

## யாருக்கு எது

புதிய லாட்ஜ்: இரண்டாவது வழியில் தொடங்கி, முதல் நாளிலிருந்தே நான்காவதற்கு எண் சேருங்கள். ஓராண்டு கழித்து அறைகளில் பாதியை மட்டும் தளத்துக்கு விடுங்கள்.

பல ஆண்டு நடந்த, பெயர் எடுத்த லாட்ஜ்: மூன்றும் நான்கும். விளம்பரம் சீசனில் மட்டும், அதுவும் பொதுச் சொற்களுக்கு. ஆனி, ஆடி மழையில் விளம்பரத்துக்குக் கொட்டுவது கடலில் கொட்டுவதுதான்.

சொந்தப் பெயருக்குச் சுங்கம் கட்டுவது பற்றி என் கருத்து சிலருக்குப் பிடிக்காது. மாதம் ஒரு முறை உங்கள் பெயரை வேறொருவர் போனில் தேடிப் பாருங்கள். மேலே நிற்பது உங்களோடு ஒப்பந்தம் உள்ள தளம் என்றால் கட்டாதீர்கள். ஒப்பந்தத்தைத் திருத்தச் சொல்லுங்கள். பெரிய ஹோட்டல்கள் இதைக் கேட்டு வாங்குகின்றன. சிறியவர் கேட்பதே இல்லை. மேலே நிற்பது உங்கள் பெயரில் வேறு லாட்ஜைக் காட்டுகிற ஆள் என்றால், சீசனில் மட்டும் கட்டிவிட்டு, படம் பிடித்து வையுங்கள்.

அக்கா என்ன முடிவு செய்தார் என்று கேட்பீர்கள். தளத்துக்கு மின்னஞ்சல் எழுதினோம்: என் லாட்ஜின் பெயரைத் தேடல் விளம்பரத்தில் பயன்படுத்துவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடியும் தேதியில் புதுப்பிக்கமாட்டேன் என்று. பதில் இன்னும் வரவில்லை. ஆறு அறைகளில் நான்கைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டார். வரைபடத்தில், காலமான தன் கணவரின் எண் இருந்ததைக் கண்டுபிடித்து மாற்றினோம்; அது எத்தனை ஆண்டாக அப்படி இருந்தது என்று அவர் கணக்குப் போடவில்லை, நானும் கேட்கவில்லை. பச்சை அட்டை ஏட்டில் வாகன எண்ணுக்குப் பக்கத்தில் அடிக்குச்சி வைத்து ஒரு கோடு இழுத்து, "எப்படி அறிந்தீர்கள்?" என்று புதிதாக ஒரு பத்தி போட்டிருக்கிறார். முதலில் எழுதப்பட்ட பதில்: "ஸ்டேஷனில் ஒருவர் இங்கே தண்ணீர் வராது என்றார். அதனால் வந்து பார்த்தேன்."